வீட்டு வாசலில் பெட்ரோல் கார் இன்ஜெக்டர் மாற்றுவது: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்லியிருப்பது எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) பெட்ரோல் கார்களுக்கு. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10, ஸ்விஃப்ட் பெட்ரோல் மாதிரி வண்டிகளில் இன்ஜெக்டர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) உட்கார்ந்து, சுமார் 3 முதல் 4 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும். டீசல், டர்போ பெட்ரோல், சிஎன்ஜி பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் கீழே தனியாக இருக்கின்றன.

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. இன்ஜெக்டர் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இன்ஜெக்டர் சுலபத்தில் சாகிற சாமான் இல்லை. மிஸ்ஸிங்குக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், வேக்வம் குழாயில் வெடிப்பு, டேங்குக்குள் இருக்கும் பம்பும் அதன் வடிகட்டியும். இதெல்லாம் பார்த்து முடித்த பிறகே இன்ஜெக்டர் பக்கம் வர வேண்டும்.

கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறுக் குறியீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கும். செல்போனோடு இணைகிற சின்ன ஸ்கேனர் ஒன்று போதும். பி0301 முதல் பி0304 வரை கோடு (குறியீடு) வந்தால் எந்த சிலிண்டரில் மிஸ் ஆகிறது என்று கடைசி எண் சொல்லும். பி0201 முதல் பி0204 வரை வந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் மின்சுற்றில் கோளாறு. இன்ஜெக்டர் காயிலோ, வயரோ, வயர் முனையில் இருக்கும் கப்ளரோ காரணமாக இருக்கலாம். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அதற்கு இன்ஜெக்டர் அடைப்பும் காரணமாகலாம், பம்பு பலவீனமும் காரணமாகலாம், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவும் காரணமாகலாம்.

உதாரணத்துக்கு பி0302 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இங்கே போடுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள். அதிலும் மாறவில்லை என்றால் இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அழுத்தம்) குறைந்த சிலிண்டரும் இப்படித்தான் பேசும் என்பதை மறக்க வேண்டாம். நான்கு இன்ஜெக்டரும் புதிதாகப் போட்ட பிறகு வால்வு எரிந்திருப்பது தெரிந்தால் காசு கரைந்ததுதான் மிச்சம்.

கழற்றாமலே இன்ஜெக்டரைச் சோதிக்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. என்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். டிக் டிக் என்று சீராகச் சத்தம் வரும். ஒன்றில் மட்டும் சத்தம் இல்லை என்றால் அது திறக்கவில்லை. ஃபேன் பெல்ட்டில் தாடியோ துண்டோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். என்ஜினை நிறுத்தி, கப்ளரைப் பிடுங்கி, இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளந்தால் இந்த வகை கார்களில் பொதுவாக 12 முதல் 16 ஓம் காட்டும். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம். மூன்று 13 காட்டி ஒன்று மட்டும் முடிவில்லாமல் காட்டினால் அதன் காயில் அறுந்துவிட்டது. நான்கும் சரியாக இருந்து ஒன்று மட்டும் சத்தம் போடவில்லை என்றால் வயரிங்கைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் கடற்கரை ஓரமாக நிற்கும் வண்டிகளில் கப்ளருக்குள் பச்சைப் பூசணம் பிடித்தமாதிரி செம்பு அரித்திருப்பது சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் எழுந்துவிடும்.

பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தொட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல இன்ஜெக்டரும் சூடாகிக் கெட்டுவிடும். தவிர, அந்த இடத்தில் பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது.

மாற்றாமல் சுத்தம் செய்தால் போதாதா?

இன்ஜெக்டரின் காயில் நன்றாக இருந்து, அடைப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் சுத்தம் செய்வதே புத்திசாலித்தனம். அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, பிறகு கண்ணாடிக் குழாய்கள் உள்ள மெஷினில் வைத்து நான்கும் ஒரே அளவு தெளிக்கின்றனவா என்று பார்த்துத் தருவார்கள். இந்தக் கடைக்கு நீங்களே கழற்றிக் கொண்டுபோனால் வேலைக்கூலி மிச்சம். கடைக்காரர் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்: சுத்தம் செய்வதற்கு முன் எவ்வளவு ஊற்றியது, பின் எவ்வளவு ஊற்றியது. மூடியிருக்கும்போது நுனியில் சொட்டு நிற்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள். சொட்டுகிற இன்ஜெக்டரால்தான் காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபுள், புகை டெஸ்டில் தோல்வி, பெட்ரோல் நாற்றம் எல்லாம் வரும். சுத்தம் செய்த பிறகும் சொட்டினால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்?

லேசான படிவுக்கு உதவலாம். நின்றுபோன இன்ஜெக்டரை எழுப்பாது.

ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

காயில் அறுந்தது என்றால் ஒன்று போதும். பார்ட் நம்பர் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி என்றால், புதியதை ஒன்று போட்டு மற்ற மூன்றையும் சுத்தம் செய்து சமமாக்கிக்கொள்வதே என் யோசனை. எப்படிச் செய்தாலும் ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயை) கழற்றியாயிற்று என்றால் எல்லா ஓ ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களையும்) மாற்றியே தீர வேண்டும். பழசைத் திரும்பப் போடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

எங்கே வாங்குவது? ஜி.பி. ரோடா, புதுப்பேட்டையா?

புதுசு என்றால் மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அல்லது கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டர். கையில் பழைய இன்ஜெக்டரோ அதன் உடலில் பொறித்திருக்கும் எண்ணின் போட்டோவோ இருக்கட்டும், ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இருக்கட்டும். "ஸ்விஃப்டுக்கு இன்ஜெக்டர் கொடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டால் எந்த வருஷத்து ஸ்விஃப்ட் என்ற கேள்வியில் பாதிப் பொழுது போய்விடும். ஒரே பெயரில் வந்த கார்களுக்குள் என்ஜின் மாறியிருக்கிறது, துளைகளின் எண்ணிக்கை மாறியிருக்கிறது, கப்ளர் வடிவம் மாறியிருக்கிறது. கப்ளர் பொருந்துவதால் மட்டும் அது உங்கள் இன்ஜெக்டர் ஆகிவிடாது.

புதுப்பேட்டையில் கிடைப்பது உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது. விலை மிகவும் குறைவு. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் வாங்கியதும் நேராக மெஷினில் வைத்துத் தெளிப்பைப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். உறையில் வந்த புதுசாக இருந்தாலும் அச்சு மங்கலாக, விலை ஒட்டுத்தாள் கோணலாக இருந்தால் கடை மாறுங்கள்.

ஓ ரிங் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹார்டுவேர் கடையில் அதே அளவில் கறுப்பு ரிங் கிடைக்கும். தண்ணீர்க் குழாய்க்கும் ஏற்றது அதுதான். பெட்ரோலில் ஊறினால் உப்பி, பிறகு பிளந்துவிடும். இன்ஜெக்டருக்கு விட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பர் ரிங்தான் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே இன்ஜெக்டர் கிட் என்றே கேட்டு வாங்குங்கள்.

இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் எல்லோருக்கும் இன்ஜெக்டர் போகிறதாமே?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் பம்புகளுக்கு வர ஆரம்பித்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எல்லா ரப்பரையும் ஒரேமாதிரி விட்டுவைக்காது. அதற்கு முன்பு செய்த பழைய வண்டிகளின் ஹோஸும் ரிங்கும் சீக்கிரம் தளரலாம் என்பது நியாயமான கவலைதான். ஆனால் மிஸ்ஸிங் வந்த எல்லா வண்டிக்கும் இ20 மேல் பழி போடுவது சோம்பேறித்தனம். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டர் நுனியில் ஒட்டும், அடியில் தண்ணீர் சேரும். வாரம் ஒருமுறையாவது ஒரு சுற்று ஓட்டுங்கள். கோடை முழுக்க நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும்.

எங்கள் தெரு குறுகல். வீட்டு வாசலில் செய்யலாமா?

இந்த வேலையில் ஸ்பேனர் பிடிப்பது சின்னப் பங்கு. பெட்ரோல் ஆவியை எப்படிக் கையாளப்போகிறீர்கள் என்பதே பெரிய பங்கு. இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகும், நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டாம்.

ஆகவே வாசலில் இறங்குவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். கார் நிற்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி மூடி இருக்கிறதா? மழைநீர் வடிகாலின் வாய் இருக்கிறதா? கீழ் வீட்டுச் சமையலறை ஜன்னல் எத்தனை அடி? எதிரே இஸ்திரி வண்டியில் கரி கனன்றுகொண்டிருக்கிறதா, பக்கத்தில் டீக்கடை அடுப்பா? சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாமே தீதான். கொசு பேட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது வேலை செய்வதே பொறியால்தான். கார்த்திகை தீபத்தன்று தெரு முழுக்க அகல் இருக்கும், போகியன்று விடிகாலையில் டயர் எரியும். அந்த நாட்களில் ரெயிலைத் திறக்கவே வேண்டாம். வேடிக்கை பார்க்க வருகிற பெரியவர் பீடியோடு வந்தால், "தாத்தா, அந்தப் பக்கம் போய் இழுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மூடிய கார் ஷெட்டிலோ அபார்ட்மென்ட் அடித்தளத்திலோ செய்யக்கூடாது. இரண்டு பக்கமும் காற்று ஓடும் இடம் வேண்டும். காலை ஆறரை, ஏழு மணி நல்ல நேரம்: இரவு முழுக்க நின்ற என்ஜின் ஆறியிருக்கும், வெயில் இல்லை, கடல்காற்று எழும்பி மணலை அள்ளி வீச ஆரம்பித்திருக்காது. ஒரே குறை, ரிங் கிழிந்தால் கடை திறக்கக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்பேர்ஸ் கடைகள் பெரும்பாலும் திறக்காது. ஒரு செட் ரிங் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குறைந்தபட்சம் ஒரு வாளி உலர்ந்த மணல். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் மட்டும். இதையெல்லாம் மீறித் தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு உண்டு.

என்னென்ன கருவி வேண்டும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. 10, 12 எம்.எம். பாக்ஸ், ராட்செட், நீட்டுக் கம்பி, மூக்குப் பிளேயர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. துடைக்க பனியன் துணி. காட்டன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் மேனிஃபோல்டுக்குள் போகும். டார்க் ரெஞ்ச் இருந்தால் மேல்.

பைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் அடிக்குமா?

அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் நிச்சயம் அடிக்கும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். ஃப்யூஸ் பாக்ஸில் ஃப்யூயல் பம்பு ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள்; எது என்று மூடியின் உட்புறப் படத்தில் இருக்கும். என்ஜினை ஸ்டார்ட் செய்து அதுவாகவே நிற்கும்வரை ஓட விடுங்கள். நின்ற பிறகு இரண்டு, மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். அப்புறம் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். இந்த ஓட்டத்தில் என்ஜின் கொஞ்சம் சூடாகியிருக்கும், ஆற விடுங்கள்.

இவ்வளவு செய்தும் ரெயிலில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும். ஹோஸ் மூட்டின்மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள், கீழே ஒரு தகர டப்பா.

சரி, கழற்றுவது எப்படி?

எதையும் தொடுவதற்கு முன் சுத்தம். மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் எண்ணூர் பக்கமும் ஓடுகிற வண்டிகளின் பானட்டைத் திறந்து பாருங்கள், இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள குழியில் கன்டெய்னர் லாரி கிளப்பிய புழுதியும் சாம்பலும் ஒரு விரல் கனத்துக்குச் சேர்ந்திருக்கும். அப்படியே இழுத்தால் அவ்வளவும் நேராக வால்வுக்கும் சிலிண்டருக்கும் போகும். முந்தின நாளே வாட்டர் வாஷ் கடையில் காற்று மட்டும் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் வேண்டாம். மிச்சத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டி மேலே உட்கார்ந்து மறைக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு போட்டோ எடுங்கள். இன்ஜெக்டர் கப்ளர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு கப்ளர் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பத்து வருடம் வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட் போல உடையும்.

பிறகு ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் இரண்டுதான். எடுத்ததும் ரெயிலை இரண்டு கையாலும் இரண்டு முனையிலும் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டி நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் இன்ஜெக்டரின் நுனி வளையும். சில இன்ஜெக்டர் ரெயிலோடு வரும், சில மேனிஃபோல்டிலேயே தங்கும். தங்கியதைத் திருகிக்கொண்டே மேலே இழுத்தால் வந்துவிடும். வந்தவுடன் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அடைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு துளைக்குள்ளும் பாருங்கள்: பழைய ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன்மேல் புதுசை ஏற்றினால் இன்ஜெக்டர் முழுதாக உட்காராது.

ஓ ரிங் போடுவதில் என்ன பெரிய வித்தை?

இன்ஜெக்டருக்கு மேலே ஒரு ரிங், கீழே ஒரு ரிங். மேல் ரிங் ரெயிலுக்குள் போகிறது; அது கசிந்தால் பெட்ரோல் வெளியே பீய்ச்சி, சூடான என்ஜின்மேல் விழும். கீழ் ரிங் மேனிஃபோல்டில் உட்காருகிறது. அது கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், பி0171 வரும். மேலே உள்ளதில் தப்பு செய்தால் வண்டி எரியும், கீழே உள்ளதில் தப்பு செய்தால் வண்டி திணறும். சில வண்டிகளில் மேல், கீழ் ரிங்குகளின் தடிமன் வேறு, கீழே கூடுதலாக ஒரு ரப்பர் குஷனும் இருக்கும்; கழற்றிய வரிசையில் துணிமேல் அடுக்கி வைத்தால் குழப்பம் வராது.

ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், கீறல் விழும். விரலால் உருட்டாமல், முறுக்கு விழாமல் ஏற்றுங்கள். போட்டதும் சுத்தமான என்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். கிரீஸ், தேங்காய் எண்ணெய், சிலிக்கான் பேஸ்ட் எதுவும் வேண்டாம். உலர்ந்த ரிங்கைத் தள்ளினால் விளிம்பு மடங்கிக் கிழியும்.

இன்ஜெக்டரை முதலில் ரெயிலில் ஏற்றி, கிளிப்பைப் போட்டு, பிறகு மொத்தமாக மேனிஃபோல்டில் இறக்குங்கள். எல்லாம் நேராக உட்கார்ந்தபின், போல்ட்டை முறுக்குவதற்கு முன், ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒன்று இறுகிப் பிடித்தால் அதன் ரிங் எங்கோ மடங்கியிருக்கிறது. திரும்ப எடுங்கள், அந்த ரிங்கைத் தூக்கிப் போட்டுப் புதுசைப் போடுங்கள்.

போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சர்வீஸ் மேனுவலில் அளவு இருக்கும். மேனிஃபோல்ட் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான். முழு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும்.

போல்ட் துருவேறி வரவே மாட்டேன் என்கிறது.

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கத்து உப்புக்காற்றில் இது தினசரிப் பிரச்சினை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின இரவே அடித்து வையுங்கள். காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். பந்தம் காட்டிச் சூடாக்கும் பட்டறை வழக்கம் இங்கே செல்லாது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பப் போடும்போது துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதிலாக அதே நீளத்தில் புதுசு போடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்யலாமா?

இன்னும் வேண்டாம். ஃப்யூஸையும் பேட்டரி வயரையும் மாட்டி, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பம்பு இரண்டு விநாடி உறுமிவிட்டு நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். நான்கைந்து முறை செய்தால் ரெயிலில் அழுத்தம் ஏறிவிடும். இப்போது டார்ச்சோடு ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையையும் ஹோஸ் மூட்டையும் பாருங்கள். காகிதத் துண்டால் துடைத்து முகர்ந்து பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஸ்டார்ட் கிடையாது. மறுபடி அழுத்தம் இறக்கி, கழற்றி, ரிங் மாற்றுங்கள். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பது ரிங்குக்குப் பொருந்தாது.

ஈரம் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் பத்து நிமிடம் விட்டு, மறுபடி அதே சோதனை. தெருவை ஒரு சுற்று வந்து, வண்டி சூடாக இருக்கும்போது மூன்றாவது சோதனை.

ஐடிலிங் இன்னும் ஒரேமாதிரி இல்லை, செக் என்ஜின் லைட்டும் எரிகிறது.

பேட்டரி கழற்றியதால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பழைய கணக்கை மறந்திருக்கும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிதானத்துக்கு வரும். அழுத்தம் இறக்க வண்டியைத் திணறடித்ததில் விழுந்த கோடு ஒன்றும் மிச்சம் இருக்கலாம். ஸ்கேனரால் அழித்துவிட்டு ஓட்டுங்கள். அதே கோடு திரும்ப வந்தால் கீழ் ரிங்கையும், மறந்துபோன வேக்வம் குழாயையும், பாதி மாட்டிய கப்ளரையும் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான்.

எங்கள் மாமா காசிமேட்டில் போட் என்ஜின் பார்ப்பவர். என் டீசல் காருக்கும் அவரே இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

மாமாவின் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய மெக்கானிக்கல் பம்பு வைத்த போட் என்ஜினில் என்ஜின் சுற்றும்போது நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது சரியான முறைதான். உங்கள் காரில் இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான அதிக அழுத்தக் குழாய். அதன் ரெயிலில் 1,600 பார், சில என்ஜின்களில் அதற்கும் மேல் அழுத்தம் நிற்கும். பெட்ரோல் காரின் 3, 4 பாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலி கூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே திசு அழுக ஆரம்பித்துவிடும், விரலையோ கையையோ எடுக்கும்படி ஆகலாம். யாருக்காவது அப்படி நடந்தால் கட்டுப்போட்டு வீட்டில் உட்காரக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே பெயர் பெற்ற பிரிவு இருக்கிறது. உடனே போய், அதிக அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

ஆபத்தை விட்டுவிட்டாலும் வீட்டில் முடியாத காரணங்கள் உண்டு. பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இருக்கும். அதை ஸ்கேனர் வழியே ஈசியுவில் ஏற்றாவிட்டால் வண்டி தட்டும், புகைக்கும். அடியில் இருக்கும் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். கார்பன் பிடித்து ஹெட்டோடு ஒட்டிக்கொண்ட இன்ஜெக்டரை இழுக்கத் தனி புல்லர் வேண்டும். டீசல் பம்பு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மாமாவையும் கூட அழைத்துப் போங்கள், அவரை ஏமாற்ற முடியாது.

டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி?

பெட்ரோல்தான் என்றாலும் அழுத்தம் நூறு பாருக்கு மேல். நுனியில் இருக்கும் டெஃப்லான் சீலை ஏற்றிச் சுருக்கத் தனிக் கருவி வேண்டும். வீட்டு வாசல் வேலை இல்லை.

சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட வண்டி?

அதில் பெட்ரோல் இன்ஜெக்டரும் கேஸ் இன்ஜெக்டரும் தனித்தனி. பெட்ரோல் பக்கம் மேலே சொன்னபடி பார்க்கலாம். கேஸ் பக்கம் கை வைக்காதீர்கள். சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார் இருக்கிறது. இந்த வண்டிகளில் பெட்ரோலை மறந்தே போய்விடுவார்கள். வாரத்தில் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜெக்டர் பிசின் பிடிக்காது.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டி. இன்ஜெக்டர் மாற்றினால் ஓடுமா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு பக்கம் பானட் வரை தண்ணீர் ஏறிய கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜெக்டர் கடைசிக் கவலை. முதலில் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, டேங்கை இறக்கிக் காலி செய்து, பம்பின் வடிகட்டியை மாற்றிய பிறகே மற்றதெல்லாம். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது புது இன்ஜெக்டர் போட்டால் அதுவும் துருப்பிடிக்கும். இன்ஷூரன்ஸ் இருந்தால் நீங்களே கழற்றுவதற்கு முன் அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

டப்பாவில் சேர்ந்த பெட்ரோலை என்ன செய்வது?

சாக்கடையிலோ வடிகாலிலோ ஊற்றக்கூடாது. அது பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேர்வது ஒருபுறம், போகும் வழியெல்லாம் மூடிய குழாய்க்குள் ஆவியாக நிற்பது மறுபுறம். சுத்தமாக இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டி அதே டேங்கில் ஊற்றலாம். மண்ணோ தண்ணீரோ கலந்திருந்தால் மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துத் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுங்கள்; பழைய ஆயிலோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல் மொட்டைமாடியில் விரித்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள்.